போரில் பணியாற்றிய உறவினரை நினைவுகூர்தலும் நினைவிடங்களைப் பேணுதலும்: திருகோணமலைக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருகோணமலையின் பழைய குடும்பங்கள் பலவற்றில் ‘டொக்யாட் அப்பப்பா’ (டொக்யாட் என்பது கடற்படைக் கப்பல்களைப் பழுதுபார்க்கும் தளம்) என்றோ ‘நேவி மாமா’ என்றோ அழைக்கப்பட்ட ஒருவர் இருந்திருக்கிறார். அவருடைய முழுப் பெயர், எந்தப் படைப்பிரிவில் அல்லது எந்தப் பட்டறையில் நின்றார், எந்த ஆண்டில் சேர்ந்தார் என்று கேட்டால் மூன்றாம் தலைமுறைக்குப் பெரும்பாலும் விடை தெரிவதில்லை. குடும்ப வரலாறு எழுத முனையும் உறவினர்களும் அயலவர்களும் பல ஆண்டுகளாக என்னிடம் கேட்டுவந்த கேள்விகளை, அவற்றுக்கு நான் சொல்லிவந்த விடைகளுடன் இங்கே தொகுத்திருக்கிறேன்.

திருகோணமலையில் உள்ள போர் மயானம் யாருடையது?

நிலாவெளி வீதியில், நகரிலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீற்றர் வடக்கே, உப்புவெளியைக் கடந்து செல்லும்போது வீதியோரமாகக் காணப்படும் மயானத்தை ஊரில் சிலர் ‘வெள்ளைக்காரர் சவக்காலை’ என்று சொல்வது வழக்கம். அந்தப் பெயர் முழுவதும் சரியானதன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இத்தீவில் உயிரிழந்த பொதுநலவாயப் படையினருக்கு நிலையான கல்லறைகள் அமைக்கும் நோக்கில் 1948இல் இம்மயானம் ஏற்படுத்தப்பட்டது. வெவ்வேறு சிறு மயானங்களிலும் தேவாலய வளவுகளிலும் தனித்தனியே புதைக்கப்பட்டிருந்தவர்கள் இங்கே கொண்டுவரப்பட்டனர். ஏறத்தாழ 300 கல்லறைகள் இங்கு உள்ளன. போர் முடிந்த பின்னும் திருகோணமலை பிரித்தானியக் கடற்படைத் தளமாக 1957 வரை இருந்தது.

மயானத்துக்குப் பொறுப்பாக இருப்பது பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழு. 1917இல் அரச சாசனம் ஒன்றினால் நிறுவப்பட்ட அவ்வமைப்பு 1960 வரை ‘இம்பீரியல்’ என்ற அடைமொழியுடன் வழங்கியது. 150க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 17 இலட்சம் பேரின் நினைவை அது பேணிவருகிறது. ஒவ்வொருவரும் தம் பெயரால் நினைவுகொள்ளப்பட வேண்டும் என்பதும், பதவி, இனம், மதம் ஆகியவற்றால் வேறுபாடு காட்டலாகாது என்பதும் அதன் அடிப்படை விதிகள். அட்மிரலுக்கும் அடுப்படியில் நின்ற மாலுமிக்கும் ஒரே அளவான கல்தான்.

அவ்விதி எல்லா இடத்திலும் காக்கப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். முதலாம் உலகப் போரில் இறந்த ஆசிய, ஆபிரிக்கப் படையினர் விடயத்தில் குறைந்தது 45,000 பேர் சமமற்ற முறையில் நினைவுகொள்ளப்பட்டனர் என்றும், மேலும் குறைந்தது 116,000 பேர் பெயர் பொறிக்கப்படாமலோ நினைவே கொள்ளப்படாமலோ விடப்பட்டனர் என்றும் ஆணைக்குழுவே 2021இல் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது. ஆகவே, உங்கள் உறவினரின் பெயர் பதிவில் இல்லை என்றால் அவர் பணியாற்றவில்லை என்று அவசரப்பட்டு முடிவுகட்டக் கூடாது.

1942 ஏப்ரல் 9 அன்று என்ன நடந்தது? எங்கள் வீட்டில் அதைக் ‘குண்டு போட்ட நாள்’ என்று மட்டுமே சொல்வார்கள்.

சிங்கப்பூர் 1942 பெப்ரவரியில் வீழ்ந்த பின்னர், இந்து சமுத்திரத்தில் பிரித்தானியருக்கு எஞ்சியிருந்த பெருந்தளங்களுள் திருகோணமலையும் கொழும்பும் முதன்மையானவை. ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு அன்று, நகுமோ தலைமையிலான ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாட்களின் பின், ஏப்ரல் 9 காலையில், அதே கப்பற்படை திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கியது. ஜப்பானிய விமானமொன்று சீனக்குடாவின் எண்ணெய்க் குதமொன்றின்மீது வீழ்ந்து அதைத் தீப்பற்ற வைத்தது. அந்தத் தீ ஏழு நாட்கள் எரிந்தது என்பது ஊரில் இன்றும் சொல்லப்படும் செய்தி. உருகிச் சிதைந்த அந்தக் குதத்தின் எச்சம் மற்றக் குதங்களுக்கிடையே நெடுங்காலம் அப்படியே கிடந்தது.

துறைமுகத்தில் நின்ற சகாயிங் என்ற சரக்குக் கப்பல் தீக்கிரையானது. 75 ஆண்டுகளுக்கு மேலாக நீருக்கடியில் கிடந்த அக்கப்பலை இலங்கைக் கடற்படை 2018இல் மேலே கொண்டுவந்தது. தாக்குதல் வருவதை அறிந்து முன்கூட்டியே துறைமுகத்தைவிட்டு வெளியேறியிருந்த ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் அதற்குத் துணையாகச் சென்ற வம்பயர் என்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலும் அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டன. ஹேர்மிஸில் 307 பேர் இறந்தனர். தப்பியவர்களில் மிகப் பலரை அவ்வழியே வந்த வைற்றா என்ற மருத்துவக் கப்பல் காப்பாற்றியது.

தாக்குதலுக்குப் பின்னர் தொழிலாளர் பெருந்தொகையாக ஊரைவிட்டு வெளியேறினர். உங்கள் குடும்பத்தில் ‘குண்டு போட்ட ஆண்டில் நாங்கள் காட்டுப் பக்கம் போய் இருந்தோம்’ என்று யாராவது சொன்ன நினைவிருந்தால், அது இந்த நாட்களைப் பற்றியதாக இருக்கலாம். எந்த ஊருக்குப் போனார்கள், எத்தனை நாள் இருந்தார்கள், யார் வீட்டில் சமைத்துச் சாப்பிட்டார்கள் என்று கேட்டு எழுதிவையுங்கள். விமானங்களின் எண்ணிக்கையை நூல்களில் தேடிக்கொள்ளலாம். இந்த விபரங்கள் உங்கள் வீட்டைத் தவிர வேறெங்கும் கிடையா.

எங்கள் அப்பப்பா சீருடை அணியவில்லை. டொக்யாட்டில் கொல்லுப்பட்டறையில் வேலை செய்தார். அவரைப் போரில் பணியாற்றியவர் என்று சொல்லலாமா?

சொல்லலாம் என்பதே என் கருத்து. ஆனால் சொல்லும் சொல்லில் கவனம் வேண்டும். இலங்கையில் படைக்குக் கட்டாய ஆட்சேர்ப்பு இருக்கவில்லை. விரும்பிச் சேர்ந்தவர்கள் 1938 ஜனவரியில் அமைக்கப்பட்ட கடற்படைத் தொண்டர் படையிலும், கரையோரப் பீரங்கிகளில் நின்ற சிலோன் கரிசன் ஆர்ட்டிலறியிலும், சிலோன் லைட் இன்பன்றி என்ற காலாட்படையிலும், இவை போன்ற ஏனைய பிரிவுகளிலும் இருந்தனர். இவர்களைப் படையினர் என்று எழுதுவது சரி. டொக்யாட்டில் கப்பல் பழுதுபார்த்தவர்கள், நிலக்கரி ஏற்றியவர்கள், எண்ணெய்க் குதங்களில் குழாய் பொருத்தியவர்கள், சமையலாளர், சலவைத் தொழிலாளர், மருத்துவமனை உதவியாளர் முதலியோர் சிவில் ஊழியர்கள். அவர்கள் நின்ற இடம் குண்டு விழுந்த இடம்தான். அவர்கள் இல்லாவிட்டால் 1944இல் இங்கே திரும்பிவந்த பிரித்தானியக் கிழக்குக் கப்பற்படை கடலுக்குப் போயிருக்க முடியாது.

‘போர்க்காலத்தில் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் சிவில் ஊழியராகப் பணியாற்றினார்’ என்று எழுதினால் அவருடைய மதிப்பு எள்ளளவும் குறையாது. அவரைப் ‘போர்வீரர்’ என்று எழுதிவிட்டால், பின்னாளில் யாராவது படைப்பதிவுகளில் தேடிக் காணாதபோது அவர் செய்த உண்மையான வேலையும் சேர்ந்து ஐயத்துக்குள்ளாகும். என் அம்மம்மாவின் தம்பியைப் பற்றி எங்கள் வீட்டில் ‘கப்பலில் பீரங்கி சுட்டவர்’ என்று சொல்லிவந்தார்கள். றங்குப்பெட்டியின் அடியில் கிடந்த பணி விடுவிப்புத் தாள் ஒன்றைப் பிரித்துப் பார்த்தபோது அவர் கரையில் களஞ்சியக் காப்பாளராக இருந்தவர் என்பது தெரியவந்தது. வீட்டில் இரண்டொருவருக்கு அது ஏமாற்றமாக இருந்தது. எனக்கு அப்போதுதான் அவர் ஒரு கதையிலிருந்து இறங்கி மனிதராக நின்றது போலிருந்தது.

பெயரைப் பதிவுகளில் எப்படித் தேடுவது?

ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் இறந்தோரின் பெயர்ப் பட்டியலைக் கட்டணமின்றித் தேடலாம். முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது, அங்கே இருப்பது இறந்தவர்களின் பட்டியல் மட்டுமே என்பது. போர் முடிந்து வீடு திரும்பிப் பேரப்பிள்ளைகளைக் கண்டு மறைந்தவர்களை அங்கே தேடுவதில் பயனில்லை. இரண்டாம் உலகப் போருக்கு 1939 செப்டெம்பர் 3 முதல் 1947 டிசெம்பர் 31 வரையான காலம் கணக்கில் கொள்ளப்படுகிறது. அக்காலத்தில் படைப்பணியில் இருக்கும்போது இறந்தவர் எக்காரணத்தால் இறந்திருந்தாலும், அது மலேரியாவாயினும் வீதி விபத்தாயினும், பட்டியலில் இடம்பெறுவார். பணியிலிருந்து விலகிய பின் அதே காலத்தில் இறந்தவராயின், போர்ப்பணியினால் ஏற்பட்ட காயமோ நோயோ காரணமாக இருந்திருக்க வேண்டும்.

தமிழ்ப் பெயர்களைத் தேடும்போது ஏற்படும் சிக்கல் தனியானது. நம்மிடம் தகப்பன் பெயர் முன்னும் தன் பெயர் பின்னும் வரும். பதிவு செய்த எழுத்தர் தன் வழக்கப்படி முதற் பெயரை அவருடைய பெயராகவும் பின்னதைக் குடும்பப் பெயராகவும் கொண்டிருப்பார். சில வேளை தகப்பன் பெயரே குடும்பப் பெயராகிவிட்டிருக்கும். ‘பிள்ளை’ பிரித்து எழுதப்பட்டுத் தனிக் குடும்பப் பெயராக நிற்பதும் உண்டு. ஆகவே கணபதிப்பிள்ளையைக் ‘கணபதி’ என்றும் ‘பிள்ளை’ என்றும் இரண்டு விதமாகத் தேட வேண்டும். வேலாயுதத்தின் முதலெழுத்தை ஆங்கிலத்தில் ‘வீ’யிலும் ‘டபிள்யூ’விலும் பார்க்க வேண்டும். சண்முகத்தையும் சிவஞானத்தையும் ‘எஸ்’ஸில் மட்டுமன்றிச் ‘சீ’யிலும் பார்ப்பது நல்லது. கத்தோலிக்கக் குடும்பமாயின் ஞானஸ்நானப் பெயரில் இருக்கக்கூடும். தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு அதற்கு உதவும். படை இலக்கம் ஒன்று கையில் இருந்தால் இத்தனை அலைச்சலும் தேவையில்லை. அது பெரும்பாலும் விடுவிப்புத் தாளிலோ சம்பளப் புத்தகத்திலோ இருக்கும்.

உயிருடன் திரும்பியவர்களின் விபரங்களுக்கு வீட்டில் உள்ள தாள்களே முதல் ஆதாரம். அடுத்து இறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு, காணி உறுதி ஆகியவற்றில் தொழில் என்ற இடத்தில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இறப்பு, விவாகப் பதிவுகளின் பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் பெறலாம்.

1964ஆம் ஆண்டுப் புயல், 1983, இடப்பெயர்வு, 2004 சுனாமி ஆகியவற்றில் எங்கள் தாள்கள் எல்லாம் போய்விட்டன. இனி என்ன செய்வது?

இந்த ஊரில் இக்கேள்வியைக் கேட்காத குடும்பம் அரிது. எஞ்சியிருக்கும் முதியவரிடம் இன்றே போய் உட்காருங்கள். ‘அவரைப் பற்றிச் சொல்லுங்கோ’ என்று பொதுவாகக் கேட்டால் ‘நல்ல மனுசன்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ‘வேலைக்குப் போகும்போது எந்த வழியால் போவார், கையில் என்ன கொண்டுபோவார், சம்பள நாளில் என்ன வாங்கி வருவார்’ என்று கேட்டால் மணிக்கணக்கில் பேசுவார்கள். கைப்பேசியில் குரலைப் பதிவுசெய்து, தொடக்கத்தில் திகதி, இடம், பேசுபவரின் பெயர், இறந்தவருக்கு அவர் என்ன முறை என்பவற்றைச் சொல்லிவிடுங்கள். வெளிநாட்டுக்குப் போன கிளையிடமும் கேளுங்கள். இங்கே அழிந்த படத்தின் மறுபிரதி கனடாவில் ஓர் அலுமாரியில் இருக்கக்கூடும்.

பதக்கங்களையும் படங்களையும் எப்படிப் பேணுவது?

பதக்கத்தைப் பித்தளை விளக்குப் போலப் புளியும் சாம்பலும் இட்டு மினுக்கக் கூடாது. ஒவ்வொரு முறை மினுக்கும்போதும் உருவத்தின் நுட்பம் தேய்கிறது. நாடாவை வெயில் படாமல் வைக்க வேண்டும். பிரித்தானியா வழங்கிய இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்களில் பெரும்பாலும் பெயர் பொறிக்கப்படவில்லை என்பதால், அது யாருடையது என்று எழுதிய தாளைக் கூடவே வைக்காவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அது வெறும் உலோகத் துண்டு. படங்களின் பின்புறத்தில் பேனையால் அன்றி மென்மையான பென்சிலால் எழுதுங்கள். ஒட்டுநாடா வேண்டாம். திருகோணமலையின் உப்புக்காற்றும் கறையானும் ஒன்றுக்கொன்று சளைத்தவையல்ல. பெட்டியை நிலத்தில் வைக்காமல் ஆண்டுக்கு இருமுறையாவது திறந்து பாருங்கள்.

பதக்கத்தை விற்கலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. வறுமையினால் விற்றவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. விற்பதற்கு முன் இருபுறமும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

போர் மயானத்துக்குச் செல்லும்போது எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

நம் சவக்காலைகளில் நடந்துகொள்ளும் முறையையே அங்கும் பின்பற்றினால் போதுமானது. ஆனால் சில வேறுபாடுகள் உண்டு. கல்லறைகளுக்கிடையே உள்ள புற்றரையில் நடக்கலாம். செருப்பைக் கழற்ற வேண்டும் என்ற விதியில்லை. கழற்ற விரும்புபவரைத் தடுப்பாரும் இல்லை. மலர் வைக்கலாம். பொலித்தீன் சுற்றிய மலர்வளையம் வெயிலில் இரண்டு நாளில் குப்பையாகிவிடும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது.

எண்ணெய் விளக்கு, கற்பூரம், மஞ்சள், குங்குமம் ஆகியவற்றைக் கல்லின்மீது வைக்கவோ பூசவோ கூடாது. இது மதத்தைப் பற்றிய தடையன்று. கல் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சிய கறையை எடுக்க முடியாது. கற்பூரச் சூட்டினால் கல்லின் மேற்பரப்பு கறுத்துவிடும். விளக்கேற்றியே ஆக வேண்டும் என்ற மனநிலை உள்ளவர்கள் வீட்டில் படத்தின் முன்னால் ஏற்றலாம். கல்லில் பாசி படிந்திருக்கிறது என்று தோன்றினாலும் நீங்களாக உரஞ்ச வேண்டாம். கம்பித் தூரிகையும் வெளிற்றும் திரவமும் எழுத்துகளை அழித்துவிடும். அங்கே அதற்கென்று பணியாளர் இருக்கிறார்கள்.

கல்லில் காணப்படுபவற்றை வாசிக்கப் பிள்ளைகளுக்குப் பழக்கிவிடுங்கள். மேலே படைப்பிரிவின் சின்னம், அடுத்து இலக்கம், பதவி, பெயர், இறந்த நாள், வயது, அதன்பின் மதக்குறி, அடியில் சில கற்களில் குடும்பத்தார் தெரிவுசெய்த ஒரு வரி. பெயர் தெரியாதவரின் கல்லில் ‘இறைவனுக்கு மட்டுமே தெரிந்தவர்’ என்ற பொருளில் ஆங்கில வாசகம் இருக்கும். வயதுகளை மட்டும் வாசித்துக்கொண்டு ஒரு வரிசை நடந்தால் போதும். பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கும் நம் பிள்ளைகளின் வயதுதான் பலருக்கு.

நிலாவெளிக்குக் கடல் குளிக்கப் போகும் வழியில் ஈர உடையுடன் இறங்கிப் படமெடுப்பவர்களையும், பச்சைப் புற்றரையைப் பார்த்துத் திருமணப் படப்பிடிப்புக்கு வந்துநிற்பவர்களையும் கண்டிருக்கிறேன். அவர்கள் தீயவர்கள் அல்லர். எவ்விடத்தில் நிற்கிறோம் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. மெதுவாகச் சொன்னால் பெரும்பாலானோர் தாமாகவே விலகிவிடுகிறார்கள். மணப்பெண்ணை மயானத்துக்குள் அழைத்துச் செல்ல எந்த மாமியார் சம்மதித்தார் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மயானத்துக்குச் சென்று வந்தால் தீட்டு உண்டா?

வீட்டுக்கு வந்து தலைமுழுகுவது உங்கள் வழக்கமாயின் அப்படியே செய்யுங்கள். அதைக் காரணமாக்கிப் போகாமல் இருக்க வேண்டியதில்லை.

கல்லறையோ உடலோ இல்லாத உறவினரை எங்கே நினைவுகூர்வது?

கடலில் மாண்டவர்களுக்குக் கல்லறை இல்லை. ஹேர்மிஸில் இறந்தவர்களுள் உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள் இங்கிலாந்தில் உள்ள கடற்படை நினைவுத் தூண்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இந்துக்களும் சீக்கியரும் தகனம் செய்யப்பட்டதால் அவர்களுக்குத் தனிக்கல் அமைக்காமல் நினைவுச்சின்னங்களில் பெயர் பொறிப்பது ஆணைக்குழுவின் வழக்கம். மயானத்தில் கல் இல்லை என்று கலங்கும் குடும்பம் பெயர்ப்பலகைகளையும் தேட வேண்டும்.

கல் நாட்டி நினைவுகொள்வது ஆங்கிலேயர் கொண்டுவந்த வழக்கம் என்று எண்ணுவோரும் நம்மிடையே உள்ளனர். போரில் வீழ்ந்தவனுக்குக் கல்லைத் தேடிக் காணுதல், அதைக் கொண்டுவருதல், நீராட்டுதல், நடுதல், படையலிடுதல், வாழ்த்துதல் என ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிறது. நடுகல்லில் பெயரும் பீடும் எழுதி மயிற்பீலி சூட்டிய மரபு நம்முடையது. வீட்டில் ஒருவருக்குப் பெயர் பொறித்த சிறு பலகை வைப்பது அந்த மரபுக்கு அந்நியமானதன்று.

நாளைப் பொறுத்தவரையில், இறந்த திதி தெரிந்தால் திதி. தெரியாவிட்டால் ஆடி அமாவாசையிலோ, தாயாராயின் சித்திரைப் பௌர்ணமியிலோ செய்யலாம். இவ்வூரவர் பலர் அந்தியேட்டிக் கிரியைகளைக் கன்னியா வெந்நீரூற்றில் செய்வர். இராவணன் தன் தாய்க்கு அங்கே கிரியை செய்தான் என்பது ஐதிகம். கத்தோலிக்கர் நவம்பர் 2ஆம் திகதி, மரித்த விசுவாசிகளின் நினைவுநாளில், சவக்காலையில் மெழுகுவர்த்தி ஏற்றுகின்றனர். முஸ்லிம் குடும்பங்கள் கப்றடியில் துஆ ஓதுகின்றனர். இவற்றுள் எதுவும் போர் மயானத்தின் முறைமையோடு முரண்படுவதில்லை.

நவம்பர் 11 அன்று பொப்பி மலர் அணிவது காலனித்துவ அடிமைத்தனம் அல்லவா?

இக்கேள்வி இன்று நேற்று எழுந்ததன்று. 1918 நவம்பர் 11ஆம் திகதி முற்பகல் 11 மணிக்கு முதலாம் உலகப் போர் ஓய்ந்ததை நினைவுகூர்ந்து அந்நாளில் துணியால் செய்த பொப்பி மலர்கள் விற்கப்பட்டன. சேர்ந்த பணத்தில் பெரும்பகுதி பிரித்தானியாவுக்குச் செல்கிறது, இந்நாட்டின் முன்னாள் படையினருக்குக் கிடைப்பதில்லை என்று மனம் நொந்த ஏலியன் பெரேரா 1931இல் அதே நாளில் பூவரசம்பூ விற்கத் தொடங்கினார். அவரும் ஒரு முன்னாள் படைவீரர். சூரியமல் (பூவரசம்பூவின் சிங்களப் பெயர்) இயக்கம் எனப் பெயர்பெற்ற அம்முயற்சி பின்னர் இடதுசாரி இளைஞர்களின் கைக்குச் சென்று, 1930களின் நடுப்பகுதியில் மலேரியாக் கொள்ளைநோயின்போது நிவாரணப் பணியிலும் ஈடுபட்டது.

அந்த எதிர்ப்பு இறந்தவர்களுக்கு எதிரானதன்று என்பதைக் கவனிக்க வேண்டும். நம்மவரைக் கணக்கில் எடுக்காத ஏற்பாட்டுக்கு எதிரானது. ஆகவே பொப்பி அணிய விரும்புபவர் அணியட்டும். மனம் ஒப்பாதவர், வேலியோரத்துப் பூவரசில் ஒரு மஞ்சள் பூவைப் பறித்துச் சென்று வைத்தால், அதற்கும் இந்நாட்டில் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு. காலையில் மஞ்சளாக விரிந்து மாலையில் சிவந்து வாடும் பூ அது. காலையிலேயே போவது நல்லது.

எங்கள் உறவினர் படையில் தண்டிக்கப்பட்டவர். குடும்ப வரலாற்றில் அதை எழுதலாமா?

எழுதுங்கள். 1942 மே 8ஆம் திகதி இரவு, இந்து சமுத்திரத்திலுள்ள கொக்கோஸ் தீவுகளில் காவல் நின்ற சிலோன் கரிசன் ஆர்ட்டிலறிப் படையினருள் ஒரு பகுதியினர் தம் அதிகாரிகளுக்கு எதிராகக் கிளர்ந்தனர். கிளர்ச்சி அடக்கப்பட்டது. தலைமை தாங்கிய கிரேஷியன் பெர்னாண்டோவும் வேறு இருவரும் அவ்வாண்டு ஓகஸ்டில் தூக்கிலிடப்பட்டனர். இரண்டாம் உலகப் போரில் பொதுநலவாயப் படைகளில் கலகக் குற்றத்துக்காக மரணதண்டனை நிறைவேற்றப்பட்டவர்கள் அம்மூவர் மட்டுமே. அவர்களைத் துரோகிகள் என்றவர்களும் விடுதலை விரும்பிகள் என்றவர்களும் இருந்தார்கள். எண்பது ஆண்டுகள் கடந்தும் அது தீராத விவாதமாக இருக்கும்போது, உங்கள் மாமனார் விடுப்பு முடிந்து மூன்று நாள் பிந்திப் போய்த் தண்டனை பெற்றார் என்பதை மறைக்க வேண்டிய தேவை என்ன? நடந்ததை நடந்தவாறு எழுதி, தீர்ப்பை வாசிப்பவரிடம் விட்டுவிடுங்கள்.

1942ஐப் பற்றிப் பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் இழப்பு நேர்ந்தது பின்னர் நடந்த போரில். அவர்களை நினைப்பது பற்றி ஏன் பேசவில்லை?

பேசாமல் இருக்க முடியாது. 2009இல் முடிந்த உள்நாட்டுப் போரில் இம்மாவட்டத்தின் தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்கள் எல்லாவற்றிலும் இறந்தவர்களும் காணாமற்போனவர்களும் இருக்கிறார்கள். சம்பூர் ஆலங்குளம் துயிலுமில்லம் போலப் பிள்ளைகள் புதைக்கப்பட்ட இடத்திலேயே கல் இல்லாமற்போன தாய்மாருக்கு, உப்புவெளியில் அந்நியர் ஒருவரின் கல்லறை ஏறத்தாழ எண்பது ஆண்டுகளாக ஒழுங்காகப் பேணப்படுவதைப் பார்க்கும்போது எழும் எண்ணத்தை நான் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கல்லறையின்மீது கோபம் கொள்வதில் நியாயமில்லை. அந்த ஒழுங்கு தமக்கும் வேண்டும் என்று கேட்பதில் முழு நியாயமும் உண்டு.

கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011இல் அளித்த அறிக்கையில், போரில் பாதிக்கப்பட்ட எல்லோருக்காகவும் தேசிய தினத்தில் தனியான நிகழ்வொன்று ஒதுக்கப்பட வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2018ஆம் ஆண்டின் இழப்பீடுகளுக்கான அலுவலகச் சட்டமும் இறந்தோரை நினைவுகூரும் வழிவகைகளைக் கூட்டு இழப்பீட்டின் ஒரு வகையாகக் குறிப்பிடுகிறது. காணாமற்போனவரின் குடும்பம் இறப்பை ஏற்று இறப்புச் சான்றிதழ் பெற மனமில்லாதபோது, காணாமை பற்றிய சான்றிதழ் பெறும் வழி 2016இல் சட்டமாக்கப்பட்டது.

ஓர் இயக்கத்தின் அரசியலைப் பற்றி எவ்வகைக் கருத்தும் கொள்ளலாம். இறந்த பிள்ளைக்காகத் தாய் ஏற்றும் விளக்கு அந்தக் கருத்துக்கு உட்பட்டதன்று. பொது இடத்தில் கூடி நினைவுகூர்வதற்கு அவ்வக்காலத்தில் நடைமுறையிலுள்ள சட்டத்தையும் நீதிமன்ற உத்தரவுகளையும் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டறிந்து செய்வது குடும்பத்துக்குப் பாதுகாப்பு. வீட்டில் ஏற்றும் விளக்குக்கு ஒருவரையும் கேட்க வேண்டியதில்லை. மற்றைய தரப்பின் நினைவுச்சின்னத்தைச் சிதைப்பது, அதன்மீது எழுதுவது, அங்கே நின்று எள்ளி நகைப்பது ஆகியவற்றை நம் பிள்ளைகள் செய்யாதவாறு பார்த்துக்கொள்வதும் நம் கடமை. கல் இல்லாமற்போவது எப்படி வலிக்கும் என்பது நமக்கு நன்கு தெரியும்.

கடலடியில் கிடக்கும் போர்க்கப்பல்களைப் பார்க்கச் சுழியோடலாமா?

மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் கிடக்கும் ஆழம் 50 மீற்றருக்கும் மேல் என்பதால் அது பயிற்சி பெற்ற சுழியோடிகளுக்கு மட்டுமே உரியது. உடல்கள் இன்னும் உள்ளே இருக்கும் கப்பல் கல்லறையாகவே கருதப்பட வேண்டும். பார்க்கலாம், எதையும் எடுத்துவரக் கூடாது. பித்தளைத் துண்டொன்றை வீட்டு வரவேற்பறையில் வைத்திருப்பவர், யாருடைய சவக்காலையிலிருந்து எடுத்தோம் என்று ஒருமுறை யோசித்தால் நன்று.

கல் சரிந்தோ உடைந்தோ கிடப்பதைக் கண்டால் யாருக்கு அறிவிப்பது?

போர் மயானமாயின் அங்குள்ள பணியாளரிடம் சொல்லுங்கள். அல்லது கல்லில் உள்ள பெயரையும் இலக்கத்தையும் தெளிவாகத் தெரியும்படி படமெடுத்து ஆணைக்குழுவின் இணையத்தளம் வழியாக அனுப்புங்கள். நகரிலுள்ள பழைய சவக்காலையில், பிரித்தானியக் கடற்படையின் ரியர் அட்மிரல் சார்ள்ஸ் ஒஸ்டின் 1852இல் பர்மாவில் இறந்து இங்கே கொண்டுவந்து புதைக்கப்பட்ட இடத்தைப் போன்ற மிகப் பழைய கல்லறைகள் உள்ளன. அவற்றுக்கு உலகப் போர்க் கல்லறைகளுக்குரிய ஏற்பாடு பொருந்தாது. மாநகர சபைக்கோ தொல்பொருள் திணைக்களத்துக்கோ எழுத்தில் அறிவிக்க வேண்டும். உடைந்த துண்டுகளை அடுக்கி ஒட்ட முயலாதீர்கள், பாதுகாப்புக்காக என்று வீட்டுக்கும் கொண்டுபோகாதீர்கள். வெளியே வரும்போது படலையைக் கொளுவிவிட்டு வாருங்கள். உப்புவெளி மாடுகளுக்கு அந்தப் புற்றரை மிகவும் பிடித்தமானது.